குடும்பம் வேறு, நபர் வேறு: ஆலயப் பெயரேட்டைக் கணினியில் அமைக்கும் முறை



ஓர் ஆலயத்தின் சொத்துகள் யாவை என்று கேட்டால் நிலம், கட்டடம், திருவாபரணங்கள், வங்கியிருப்பு என்று வரிசையாகச் சொல்வோம். கணக்காய்வாளரின் அறிக்கையில் இடம்பெறாத இன்னொரு சொத்தும் உண்டு. அதுதான் ஆலயத்தோடு தொடர்புடைய குடும்பங்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண் அடங்கிய பெயரேடு. உபயக் கடிதம் அனுப்புவது, நன்கொடைக்கு ரசீது எழுதுவது, அன்னதானத்துக்குத் தொண்டூழியர்களை அழைப்பது, திருப்பணிக்கு உதவி கோருவது ஆகிய எல்லாப் பணிகளும் இந்தப் பெயரேட்டை நம்பியே நடக்கின்றன.

இன்று பல ஆலயங்கள் இப்பெயரேட்டைக் கணினியில் ஏற்றி வருகின்றன. ஆனால், பெரும்பாலும் பழைய நோட்டுப் புத்தகத்தில் இருப்பதை எக்செல் தாளில் அப்படியே தட்டச்சு செய்வதோடு வேலை முடிந்துவிடுகிறது. புத்தகத்தில் இருந்த குறையும் கூடவே கணினிக்குள் குடியேறிவிடுகிறது. டேட்டாபேஸ் எனப்படும் தரவுத்தளத்தை எப்படி அமைத்தால் அக்குறை நீங்கும் என்பதை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பெயரேட்டில் இருப்பது உங்கள் பெயரும் உங்கள் இல்லத்தார் பெயரும் ஆதலால், இது நிர்வாகத்தினர் மட்டும் அறிந்தால் போதும் என்று விடக்கூடிய செய்தியன்று.

ஒரு வரியில் ஒரு குடும்பம்

பழைய உபய நோட்டுகளைப் புரட்டினால் பெரும்பாலும் ஒரே அமைப்பைக் காணலாம். ஒரு வரிக்கு ஒரு குடும்பம். முதலில் குடும்பத் தலைவர் பெயர், அடுத்து முகவரி, பிறகு தொலைபேசி எண், கடைசியில் உபய நாள். துணைவியார் குறிப்பிடப்பட்டிருந்தால் கணவர் பெயருக்கு முன் ‘திருமதி’ என்ற சொல்லைச் சேர்த்திருப்பார்கள். பிள்ளைகள் ‘குடும்பத்தினர்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுவர். அனைவரும் ஒரே தோட்டத்தில் அடுத்தடுத்த லயங்களில் வாழ்ந்த காலத்தில் இம்முறை போதுமானதாக இருந்தது. யார் வீட்டுப் பிள்ளை யார், யார் எங்கே வாழ்க்கைப்பட்டார் என்பதெல்லாம் ஆலயத்தில் உள்ளவர்களுக்கு மனப்பாடம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புத் திட்டங்களுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் இடம்விட்டு, மக்கள் நகர்ப்புறத் தாமான்களில் குடியேறிய பின் அந்த மனப்பாடம் எவரிடமும் இல்லை. ஏடு மட்டுமே மிஞ்சியிருக்கிறது. ஒவ்வொரு குடும்பத்திலும் இயல்பாக நேரும் மூன்று நிகழ்ச்சிகளை அந்த ஏட்டினால் தாங்க முடிவதில்லை.

முதலாவது, குடும்பத் தலைவர் காலமாவது. அவர் பெயரே அந்த வரிக்கு அடையாளம். ஆகவே எழுத்தர் அந்த வரியை அடித்துவிடுவார். அல்லது அப்படியே விட்டுவிடுவார். அடித்துவிட்டால், முப்பது ஆண்டுகள் உபயம் செய்த குடும்பம் ஏட்டிலிருந்தே மறைந்துவிடுகிறது. அந்த அம்மையாரின் சொந்தப் பெயர் எங்கும் எழுதப்படாததால் அவரைத் தேடிக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. விட்டுவிட்டால், மறு ஆண்டு இறந்தவர் பெயருக்கே விழா அழைப்பிதழ் போய்ச் சேர்கிறது. துக்கம் ஆறாத வீட்டில் அந்த உறையைப் பிரிப்பவரின் மனம் எவ்வளவு வேதனைப்படும் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது, மகளின் திருமணம். அவர் தந்தையின் வரியில் பெயரில்லாமல் இருந்தார். இனிக் கணவரின் வரியிலும் பெயரில்லாமல் இருப்பார். கன்னிப் பருவத்தில் அவர் தம் சம்பளத்தில் கொடுத்த நன்கொடைகளும் ஆற்றிய தொண்டும் ஏட்டில் தேடினாலும் கிடைக்காது.

மூன்றாவது, பிள்ளைகள் தனிக்குடித்தனம் போவது. மூத்தவர் ஷா ஆலமிலும் இளையவர் ஜொகூரிலும் இருப்பார்கள். உபயம் இருவருக்கும் பொது. கடிதமோ விற்றுப்போன பழைய வீட்டுக்குப் போய்த் திரும்பி வரும்.

இம்மூன்று இடர்களுக்கும் காரணம் ஒன்றே. குடும்பம், நபர் என்ற இரு வேறு பொருள்களை ஒரே வரியில் சேர்த்துக் கட்டியதுதான் அது.

ஒரு செய்தி, ஓர் இடம்

இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்ற கணித அறிஞர், 1970ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றில் உறவுமுறைத் தரவுத்தளம் என்ற கருத்தை வகுத்தளித்தார். இன்று வங்கி, மருத்துவமனை, பள்ளிக்கூடம் என எங்கும் பயன்படும் தரவுத்தளங்களுள் பெரும்பாலானவை அக்கருத்தின் வழி வந்தவையே. நம் தேவைக்கு அதன் சாரத்தை இரண்டே விதிகளில் சொல்லலாம். ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் தனி அட்டவணை இருக்க வேண்டும். ஒரு செய்தியை ஒரே இடத்தில்தான் எழுத வேண்டும். வேறிடத்தில் அது தேவைப்பட்டால் அதன் எண்ணை மட்டும் குறிக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். மாணவர் பதிவேடு ஒன்று. வகுப்புப் பட்டியல் இன்னொன்று. மாணவர் ஆண்டுதோறும் வகுப்பு மாறுகிறார். அதற்காக அவருடைய பிறப்பு விவரத்தை மீண்டும் எழுதுவதில்லை. அவருடைய பதிவு எண்ணைப் புதிய வகுப்பில் குறிக்கிறோம். ஆலயப் பெயரேடும் அப்படியே அமைய வேண்டும்.

முதல் அட்டவணை: நபர்

குழந்தை முதல் முதியவர் வரை ஒவ்வொருவருக்கும் இதில் ஒரு தனி வரி. ஆலயமே ஒவ்வொருவருக்கும் ஒரு நபர் எண் தர வேண்டும். அவ்வெண் வாழ்நாள் முழுதும் மாறாது. மற்றவருக்குத் தரப்படவும் மாட்டாது. பெயர், பிறந்த நாள், நட்சத்திரம், மறைந்த நாள் ஆகியவற்றுக்கு இதில் கட்டங்கள் இருக்கும்.

பெயரைப் பற்றிச் சிறிது விளக்கம் தேவை. மேல்நாட்டில் எழுதப்பட்ட மென்பொருள்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு கட்டங்களைக் கேட்கும். குடும்பப்பெயர் ஒன்றாக இருப்போரை ஒரே குடும்பம் என்று சேர்க்கும். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயரே கிடையாது. மலேசியாவில் ஏ/எல் அல்லது ஏ/பி என்று எழுதி, சிங்கப்பூரில் எஸ்/ஓ அல்லது டி/ஓ என்று எழுதி, அதன்பின் தந்தையின் பெயரைப் போடுகிறோம். தாத்தா, தந்தை, மகன் மூவருக்கும் மூன்று வேறு பின்பெயர்கள். கணவனுக்கும் மனைவிக்கும்கூட வேறுதான். ஆகவே பெயரைப் பார்த்துக் குடும்பத்தைக் கண்டுபிடிக்கும் வழி நமக்கு உதவாது.

பெயருக்கு மூன்று கட்டங்கள் வைப்பது நலம். அடையாள அட்டையில் ரோமன் எழுத்தில் உள்ளபடி முழுப்பெயர் ஒன்று, அது ரசீதுக்கு. தமிழில் பெயர் ஒன்று. அது அர்ச்சனைக்கும் அழைப்பிதழுக்கும். எல்லாரும் அழைக்கும் பெயர் இன்னொன்று. சுப்பிரமணியம் என்ற பெயரின் ஈற்றில் ரோமன் எழுத்தில் ‘எம்’ போடுபவரும் உண்டு, ‘என்’ போடுபவரும் உண்டு. ஒருவரை இருமுறை பதிந்துவிடாமல் இருக்கத் தமிழ்ப்பெயரையும் பிறந்த நாளையும் சேர்த்துப் பார்த்துச் சரிபார்க்கலாம்.

வயதை எழுதக் கூடாது. இன்று எழுதிய வயது அடுத்த ஆண்டு தவறாகிவிடும். பிறந்த நாளை எழுதினால் வயதைக் கணினியே கணக்கிட்டுச் சொல்லும். மணிவிழாவுக்கும் சதாபிஷேகத்துக்கும் உரியவர்களையும் பட்டியலிட்டுத் தரும்.

அடையாள அட்டை எண்ணையே நபர் எண்ணாக வைத்தால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. பன்னிரண்டு இலக்கமும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே இருப்பதால் அது வசதியாகத் தோன்றும். அப்படிச் செய்யலாகாது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. நபர் எண் பல பட்டியல்களில் அச்சாகும். பிறந்த நாளையும் பிறந்த மாநிலத்தையும் காட்டிக்கொடுக்கும் எண் அவ்வாறு கைமாறுவது நல்லதன்று. அதனினும் பெரிய காரணம், பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாமல் அல்லற்படுவோர் நம் சமூகத்தில் இன்றும் இருக்கிறார்கள். அந்த எண் இல்லாமல் பதிய முடியாது என்று கணினி சொன்னால், அரசாங்கப் பதிவில் இடம் கிடைக்காதவருக்கு ஆலயப் பதிவிலும் இடம் இல்லாமல் போய்விடும். ஆகவே அதைத் தேவைப்பட்டால் நிரப்பும் கட்டமாக வைத்தால் போதும்.

இரண்டாம் அட்டவணை: குடும்பம்

இது மிகச் சிறியது. குடும்ப எண், ஆலயத்தில் அக்குடும்பம் வழங்கப்படும் பெயர், கடிதம் பெறும் தொடர்பாளரின் நபர் எண், அவ்வளவே. குடும்பத் தலைவரின் பெயரை இங்கே எழுதுவதில்லை. அவருடைய நபர் எண்ணை மட்டும் குறிக்கிறோம். தொடர்பாளர் மாறினால் அந்த ஓர் எண்ணை மாற்றினால் போதும். குடும்பத்தின் எண்ணும் வரலாறும் அப்படியே இருக்கும்.

மூன்றாம் அட்டவணை: உறுப்பினர் இணைப்பு

நபரையும் குடும்பத்தையும் பிரித்தோம். இனி இரண்டையும் இணைக்க வேண்டும். அதற்கான அட்டவணையில் ஐந்து கட்டங்கள்: நபர் எண், குடும்ப எண், உறவு, தொடங்கிய ஆண்டு, முடிந்த ஆண்டு. இந்த முழு அமைப்புக்கும் உயிர்நாடி இதுவே.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். குடும்பம் 112. அதில் தந்தை (நபர் 301), தாய் (302), மூத்த மகன் (303), மகள் (304), இளைய மகன் (305) என ஐவர்.

2009இல் மகள் மணமாகிச் செல்கிறார். இணைப்பு அட்டவணையில் 304க்குப் புதிய வரி ஒன்று எழுதுகிறோம்: குடும்பம் 187, உறவு மனைவி, தொடக்கம் 2009. குடும்பம் 112இல் உள்ள அவருடைய பழைய வரியை முடித்துவைக்கலாம். பிறந்த வீட்டு உபயத்திலும் தம் பெயர் தொடர வேண்டும் என்று அவர் விரும்பினால் அவ்வரியைத் திறந்தபடியே விட்டுவைக்கலாம். ஒருவர் இரண்டு குடும்பங்களில் இருப்பதை இந்த அமைப்பு தாராளமாக ஏற்கும். நபர் எண் 304 மாறவில்லை ஆதலால், அவர் முன்பு செய்த நன்கொடையும் தொண்டும் அவர் பெயரிலேயே நிற்கின்றன.

2016இல் மூத்த மகன் தனிக்குடித்தனம் போகிறார். அவருக்குக் குடும்பம் 240 என்று புதிய எண்.

2021இல் தந்தை காலமாகிறார். நபர் 301இன் வரியில் மறைந்த நாளைக் குறிக்கிறோம். குடும்பம் 112இன் தொடர்பாளரை 301 என்பதிலிருந்து 302 என்று மாற்றுகிறோம். அந்த ஆண்டு முதல் உபயக் கடிதம் அம்மையாரின் சொந்தப் பெயரில் போகிறது. குடும்பம் ஏட்டில் நிலைத்திருக்கிறது. பெரியவரின் பெயரும் அவர் செய்த கைங்கரியங்களும் அழியாமல் இருக்கின்றன.

எந்த வரியையும் அழிக்காமல் முடிந்த ஆண்டை மட்டும் எழுதும் வழக்கத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். அடித்த வரியை மீட்க இயலாது. முடித்த வரியை என்றும் படிக்கலாம்.

மறைந்தவரின் திதிக்கும் ஒரு கட்டம் வைக்கலாம். மாதம், பட்சம், திதி மூன்றையும் குடும்பத்தார் சொல்லியபடி எழுதிக்கொண்டால், ஆண்டுதோறும் முன்கூட்டியே அவர்களுக்கு நினைவூட்ட முடியும்.

முகவரியும் தொலைபேசியும்

ஒரே வீட்டில் ஐவர் இருந்தால் முகவரியை ஐந்து முறை எழுதத் தேவையில்லை. முகவரிக்குத் தனி அட்டவணை வைத்து, குடும்ப எண்ணோடு இணைக்க வேண்டும். வீட்டு எண், ஜாலான் அல்லது லோரோங், தாமான், அஞ்சல் குறியீடு, ஊர், மாநிலம் என்று கட்டங்களைப் பிரித்து வைத்தால், குறிப்பிட்ட வட்டாரத்தில் உள்ள குடும்பங்களை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். வெளியூரில் படிக்கும் பிள்ளைக்குத் தனி முகவரி வேண்டுமானால் அதை அவருடைய நபர் எண்ணோடு சேர்க்கலாம்.

தொலைபேசி எண்களுக்கும் தனி அட்டவணையே சிறந்தது. ‘தொலைபேசி 1, தொலைபேசி 2, தொலைபேசி 3’ என்று நபர் அட்டவணையில் கட்டங்கள் போட்டால், ஒருவருக்கு இரண்டு கட்டம் வெறுமையாகக் கிடக்கும்; மற்றொருவருக்கு மூன்றும் போதாது. நபர் எண், வகை, எண், விருப்பமானதா என்று நான்கு கட்டங்கள் போதும். வகை என்பது வீட்டுத் தொலைபேசி, கைத்தொலைபேசி, புலனம், மின்னஞ்சல் ஆகியவற்றுள் ஒன்று.

தட்டச்சு செய்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொலைபேசி எண், அஞ்சல் குறியீடு, அடையாள அட்டை எண் ஆகிய மூன்றையும் கணினியில் எழுத்து வகையாகவே வைக்க வேண்டும். எண் வகையாக வைத்தால் முன்னால் உள்ள பூஜ்யத்தைக் கணினி தள்ளிவிடும். சுங்கைப் பட்டாணியின் 08000 வெறும் 8000 ஆகிவிடும். 2000ஆம் ஆண்டுக்குப் பின் பிறந்த இளையோரில் பலரின் அடையாள அட்டை எண்ணும் பூஜ்யத்தில் தொடங்குவதே. கூட்டவோ பெருக்கவோ தேவையில்லாத எண்ணை எழுத்தாகக் கருதுக என்று நினைவில் வைத்தால் இத்தவறு நேராது. சிங்கப்பூரில் வாழும் அன்பர்களும் இருப்பதால், தொலைபேசி எண்ணை 60, 65 என்ற நாட்டுக் குறியீட்டோடு எழுதுவது நல்லது.

நட்சத்திரமும் ராசியும்

நட்சத்திரம் நபருக்கு உரியது; குடும்பத்துக்கு உரியதன்று. அதைக் கையால் தட்டச்சு செய்யாமல், இருபத்தேழு நட்சத்திரங்களும் வரிசை எண்ணுடன் உள்ள பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்ய வேண்டும். இல்லையேல் ஒருவர் திருவோணம் என்றும் இன்னொருவர் ஓணம் என்றும் வேறொருவர் சிரவணம் என்றும் எழுத, கணினி மூன்றையும் மூன்று நட்சத்திரங்களாகக் கருதும்.

நட்சத்திரம் தெரிந்தால் ராசி தெரிந்துவிடாதா? எல்லாருக்கும் அவ்வாறு இல்லை. ஒரு நட்சத்திரத்துக்கு நான்கு பாதம் வீதம் இருபத்தேழுக்கு 108 பாதங்கள். பன்னிரண்டு ராசிக்குப் பகிர்ந்தால் ராசிக்கு ஒன்பது பாதங்கள். அதனால் ஒன்பது நட்சத்திரங்கள் இரண்டு ராசிகளில் பிரிந்து நிற்கின்றன. கார்த்திகையின் முதல் பாதம் மேஷத்திலும் மற்ற மூன்று பாதங்கள் ரிஷபத்திலும் அமையும். ஆகவே நட்சத்திரம், பாதம் இரண்டையும் எழுதினால் ராசியைக் கணினியே சொல்லும். பாதம் அறியாதவர்களுக்கு மட்டும் ராசியைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

நன்கொடையும் உபயமும்

நன்கொடை ஒவ்வொன்றும் அதைக் கொடுத்தவரின் நபர் எண்ணோடு சேர வேண்டும். உபயமோ குடும்ப எண்ணோடு சேர வேண்டும். இந்த வேறுபாட்டைத் தெளிவாக வைத்தால், தலைவர் மறைந்தபின் உபயம் யாருக்கு என்ற மனத்தாங்கல் பெரிதும் குறையும். குடும்பம் 112இன் உபயம் 112க்கே உரியது. அதில் பங்குகொள்வோர் யார் என்பதை அண்ணன், தம்பி, அக்காள், தங்கை கூடிப் பேசி நிர்வாகத்துக்குச் சொல்வார்கள்.

ஏற்கெனவே சொன்ன விதிக்கு ஒரு விலக்கும் உண்டு. ரசீதில் அச்சான பெயரும் முகவரியும் ரசீது அட்டவணையிலேயே தனியே இருக்க வேண்டும். நாளை ஒருவர் முகவரி மாறினாலும், நேற்று எழுதிய ரசீது மாறக் கூடாது. கணக்காய்வின்போது அசலும் நகலும் ஒத்திருக்க வேண்டும் அல்லவா?

நம்பிக்கையைக் காத்தல்

பெயரேட்டில் உள்ள செய்திகள் அன்பர்கள் ஆலயத்தை நம்பி ஒப்படைத்தவை. மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்புக்கு வந்தது. அது வணிகப் பரிமாற்றங்களைக் கருதி இயற்றப்பட்டது என்றாலும், அதன் நெறிகள் ஆலயங்களுக்கும் நல்ல வழிகாட்டி. சிங்கப்பூரில் 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கோரும்போதோ ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியபோதோ அன்றி, அமைப்புகள் அடையாள அட்டை எண்ணைக் கேட்டுப் பெறக் கூடாது என்ற வழிகாட்டுதல் நடைமுறைக்கு வந்தது.

எனவே, எதற்காகக் கேட்கிறோம் என்பதைப் பாரத்திலேயே அச்சிட வேண்டும். தேவையற்றதைக் கேட்கக் கூடாது. ‘விழாச் செய்தி அனுப்பலாம்’ என்ற ஒப்புதலுக்கு ஒரு கட்டமும், ஒப்புதல் தந்த நாளுக்கு ஒரு கட்டமும் வைக்க வேண்டும். முகப்பில் அர்ச்சனைச் சீட்டு எழுதுபவர் பெயரையும் நட்சத்திரத்தையும் பார்த்தால் போதும். நன்கொடைத் தொகையை அவர் பார்க்க வேண்டியதில்லை. பெயரேட்டின் நகல் எவருடைய சொந்தக் கைத்தொலைபேசியிலும் இருக்கலாகாது. செயலாளர் மாறும்போது கடவுச்சொல்லும் மாற வேண்டும்.

அமைப்பு சரியா என்று அறிய

அட்டவணைகளை அமைத்தபின் ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். ஒரு வீட்டுக்கு ஒரே கடிதம் என்ற கணக்கில் உபயக் கடிதங்களை அச்சிட முடிகிறதா? திருவாதிரை நட்சத்திரக்காரர் அனைவரையும் பட்டியலிட முடிகிறதா? மணமாகிச் சென்ற பெண்ணின் இருபது ஆண்டு நன்கொடையை ஒரே இடத்தில் பார்க்க முடிகிறதா? மறைந்தவர் எவருக்கும் கடிதம் போகாது என்று உறுதி கூற முடிகிறதா? மூன்று ஆண்டுகளாகத் தொடர்பில் இல்லாத குடும்பங்கள் எவை என்று தெரிகிறதா? ஐந்துக்கும் ஆம் என்றால் அமைப்பு நன்று. இல்லையென்றால், முந்நூறு குடும்பங்களைத் தட்டச்சு செய்யுமுன் திருத்திக்கொள்வது எளிது.

இனி, அன்பர்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எவ்வளவு செம்மையாக அட்டவணை அமைத்தாலும் அதை நிரப்ப வேண்டியவர்கள் நீங்களே. ஆலயத்தில் குடும்பப் பாரம் தரப்படும்போது இல்லத்தில் உள்ள ஒவ்வொருவரின் பெயரையும் தனித்தனியே எழுதுங்கள். தாய்மார்கள் தங்கள் சொந்தப் பெயரையே எழுதுங்கள். வீடு மாறினாலும், பிள்ளைகளுக்குத் திருமணம் நடந்தாலும், குழந்தை பிறந்தாலும், பெரியவர் ஒருவர் இறைவனடி சேர்ந்தாலும் அலுவலகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு மட்டுமே நினைவில் உள்ள பழைய தோட்டத்துக் குடும்பங்களின் பெயர்களை, அவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதிக் கொடுங்கள். அக்குடும்பங்களின் பிள்ளைகளைத் தேடிக் கண்டு மீண்டும் ஆலயத்துக்கு அழைக்க அக்குறிப்பு பேருதவியாக இருக்கும்.